மேடையில் பிளக்இன்: லேட்டன்சியும் கரகரப்பும் எங்கிருந்து வருகின்றன?

ஆடி பிறந்தால் வேலூர், ஆற்காடு, ஆரணி, குடியாத்தம் பக்கம் அம்மன் கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி இல்லாத ஊர் குறைவு. டிசம்பர் வந்தால் தேவாலயப் பாடகர் குழுக்கள். இப்போதெல்லாம் இந்த மேடைகளில் மிக்ஸருக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப்பும் உட்கார்ந்திருக்கிறது. கீபோர்டின் சத்தம், பாடகர் குரலுக்கு ரிவெர்ப் (பெரிய மண்டபத்தில் பாடியது போன்ற எதிரொலி), கிட்டாருக்கு ஆம்ப் என்று பல வேலைகளை அதில் ஓடும் பிளக்இன்கள் என்ற சின்ன நிரல்கள் செய்கின்றன.

நடுப்பாட்டில் ஸ்பீக்கர் பொட்டுப் பொட்டென்று வெடித்தால் நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். "பஃபரைக் குறை, கிளாரிட்டி வரும்." "ரேம் பத்தலை, இன்னொரு எட்டு ஜிபி போடு." "சிபியு முப்பது சதவீதம்தான் காட்டுது, அப்போ கேபிள் பிரச்சினை." மூன்றுமே பெரும்பாலும் தவறு. முதல் யோசனை கேட்டால் வெடிப்பு இன்னும் கூடும்; இரண்டாவது பணத்தை வீணாக்கும்; மூன்றாவது தப்பான இடத்தில் தேட வைக்கும். இந்த வெடிப்பும், லேட்டன்சி எனப்படும் ஒலித் தாமதமும் லேப்டாப்புக்குள் எப்படி உண்டாகின்றன என்று ஒருமுறை புரிந்துவிட்டால், எந்த செட்டிங்கை எதற்காகத் தொடுகிறோம் என்பதும் தெளிவாகிவிடும்.

சத்தம் எப்படி உள்ளே போகிறது

மைக்கிலிருந்து வரும் சத்தம் தொடர்ச்சியான மின் அலை. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி அந்த அலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்குகிறது. ஒவ்வொரு அளவுக்கும் சாம்பிள் என்று பெயர். விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது சாம்பிள் ரேட். சிடியில் 44,100, மேடை வேலையில் பெரும்பாலும் 48,000.

இந்த எண்களைக் கணினி ஒவ்வொன்றாக வாங்குவதில்லை. 64, 128, 256 என்று ஒரு கட்டு சேரும்வரை காத்திருந்து, கட்டாக வாங்கி, எல்லா பிளக்இன்களுக்குள்ளும் செலுத்தி, கட்டாகவே திருப்பித் தருகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். பிளக்இன் என்பது ரிவெர்ப், கம்ப்ரஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துவது) போன்ற ஒரு வேலையைச் செய்யும் சின்ன நிரல். பிளக்இன்களை வரிசையாக மாட்டி மேடையில் ஓட்டும் பெரிய மென்பொருளுக்கு ஹோஸ்ட் என்று பெயர். கிக் பெர்ஃபார்மர், கான்டபிலே, மேக்கில் மெயின்ஸ்டேஜ் எல்லாம் ஹோஸ்ட்கள்தான்.

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து காட்பாடி போகும் டவுன் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கிரீன் சர்க்கிளில் ஏறியவர்களுக்கெல்லாம் விருதம்பட்டு வருவதற்குள் கண்டக்டர் டிக்கெட் கொடுத்து, அந்த ஸ்டேஜின் கணக்கையும் முடித்தாக வேண்டும். அதற்குள் முடியாவிட்டால் யாரோ ஒருவர் டிக்கெட் இல்லாமல் இறங்கிவிடுவார். கண்டக்டர்தான் கணினியின் மூளையான சிபியு. இரண்டு ஸ்டேஜுக்கு இடையில் இருக்கும் நேரம்தான் பஃபர். ஏறுபவர்கள் சாம்பிள்கள். டிக்கெட் இல்லாமல் இறங்கியவர்தான் ஸ்பீக்கரில் கேட்கும் அந்த 'டப்'.

பஃபரைக் குறைப்பது ஸ்டேஜ்களை நெருக்கி வைப்பது போல. ஒரு தடவைக்கு ஏறும் ஆட்கள் குறைவு, சரி. ஆனால் ஒவ்வொரு ஸ்டேஜிலும் கணக்கை முடிக்கும் வேலை அப்படியே இருக்கிறது, இப்போது அடிக்கடி வருகிறது. சின்ன பஃபரில் சிபியு சுமை கூடுவது இதனால்தான். டிக்கெட்டின் தரம் இதில் எங்கும் மாறவில்லை. பஃபரைக் குறைத்தால் ஒலியின் தரம் கூடாது; கூட்டினால் குறையவும் செய்யாது. மாறுவது நேரம் மட்டும்.

சுருக்கமாக: பஃபர் என்பது சிபியுவுக்குக் கொடுக்கும் கெடு. கெடு தவறினால் வெடிப்பு. கெடுவை நீட்டினால் வெடிப்பு நிற்கும், சத்தம் தாமதமாக வரும்.

சிபியு முப்பது சதவீதம்தானே, பிறகு ஏன் வெடிக்கிறது?

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் காட்டும் சதவீதம் எல்லா கோர்களின் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளின்) சராசரி. ஒரே குரலுக்கு வரிசையாக மாட்டிய ஆறு பிளக்இன்களைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. முதல் பிளக்இன் முடித்தால்தான் இரண்டாவது தொடங்க முடியும். ஆகவே அந்த வரிசை முழுவதும் ஒரே கோரில் ஓடும். நாலு கோர் உள்ள இயந்திரத்தில் ஒரு கோர் முழுமையாக நிரம்பி வழிந்தாலும் மொத்தக் கணக்கு ஏறக்குறைய 25 சதவீதம்தான் காட்டும்.

இன்னொன்று, அந்த எண் நேரத்திலும் சராசரி. 48,000 சாம்பிள் ரேட்டில் 128 பஃபர் என்றால் கெடு 2.67 மில்லி செகண்ட். ஒரு விநாடியில் 375 கெடுக்கள். 374-ஐச் சுலபமாக முடித்துவிட்டு ஒன்றே ஒன்றைத் தவறவிட்டாலும் சராசரியில் எந்த மாற்றமும் தெரியாது. காதுக்கு மட்டும் தெரியும்.

அந்த ஒன்று ஏன் தவறுகிறது? கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும் நேரத்தில் அவருக்கு போன் வருகிறது. கணினியில் அந்த போன்கள் டிரைவர்களிடமிருந்து, அதாவது ஒவ்வொரு கருவியையும் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்களிடமிருந்து, வருகின்றன. வைஃபை, புளூடூத், பேட்டரி நிலையைக் கவனிக்கும் டிரைவர், கிராஃபிக்ஸ் டிரைவர் எல்லாம் சிபியுவை நடுவில் நிறுத்தித் தங்கள் வேலையை முதலில் முடிக்கச் சொல்லும். புதிய, விலை உயர்ந்த லேப்டாப்பிலும் இது நடக்கும். விண்டோஸில் இதைப் பிடிக்க லேட்டன்சிமான் என்ற கருவி உண்டு. கச்சேரிக்குப் பயன்படுத்தும் அதே அமைப்பை ஓடவிட்டு, கூடவே இதையும் பத்து நிமிடம் ஓட்டினால் எந்த டிரைவர் அதிக நேரம் பிடிக்கிறது என்று பெயரோடு காட்டும். வைஃபை டிரைவர் பெயர் வந்தால் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பல இடங்களில் வேலை அதோடு முடிந்துவிடும்.

நம்ப வேண்டிய மீட்டர், ஹோஸ்டுக்குள் இருப்பது. அது கெடுவில் எத்தனை பங்கு செலவாகிறது என்று காட்டும். அதன் உச்சம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 80-ஐத் தொடுகிற அமைப்பு வீட்டில் ஒழுங்காக ஓடலாம். அதை மேடைக்குக் கொண்டு போகக் கூடாது.

ரேம் எங்கே வருகிறது என்றால், பியானோ, தவில், வயலின் என்று பதிவு செய்த ஒலிகளை ஏற்றி வாசிக்கும் சாம்பிள் லைப்ரரிகளில். அவை ரேமில் இடம் பிடிக்கும், மிச்சத்தை டிஸ்க்கிலிருந்து இழுக்கும். அங்கே ரேமும் எஸ்எஸ்டியும் உதவும். ரிவெர்ப், கம்ப்ரஸர் மட்டும் ஓட்டுபவருக்கு 8 ஜிபியும் 32 ஜிபியும் கெடு விஷயத்தில் ஏறக்குறைய ஒன்றுதான்.

தாமதத்தின் கணக்கு

பஃபரைச் சாம்பிள் ரேட்டால் வகுத்தால் ஒரு கட்டின் நேரம் வரும். 48,000-ல் 64 என்றால் 1.33 மில்லி செகண்ட், 128-க்கு 2.67, 256-க்கு 5.33, 512-க்கு 10.67. ஆனால் பாடகர் வாய் திறந்து, சத்தம் லேப்டாப்புக்குள் போய், மானிட்டரில் (பாடகர் தன் குரலைக் கேட்க வைத்திருக்கும் ஸ்பீக்கரில்) திரும்பி வருவதற்கு உள்ளே ஒரு கட்டு, வெளியே ஒரு கட்டு என்று இரண்டு ஆகிறது. கூடவே அலையை எண்ணாக்கவும் எண்ணை அலையாக்கவும் ஆகும் நேரமும், டிரைவர் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளும் சின்ன இருப்பும் உண்டு. இந்த மொத்தம்தான் லேட்டன்சி. 128 பஃபரில் இரண்டு கட்டுக்கே 5.3 மில்லி செகண்ட் ஆகிவிடுகிறது. நல்ல யுஎஸ்பி இன்டர்ஃபேஸில் மொத்தம் 7 முதல் 9 வரை வருவது வழக்கம். ஹோஸ்டின் திரையில் காட்டும் எண் டிரைவர் சொல்லும் எண்தான். சில டிரைவர்கள் குறைத்துச் சொல்லும். உண்மை தெரிய வேண்டுமென்றால் இன்டர்ஃபேஸின் ஒரு அவுட்புட்டை ஒரு இன்புட்டில் கேபிளால் இணைத்து அளக்க வேண்டும். அதற்கென்று இலவசக் கருவிகள் இருக்கின்றன.

இந்த எண்கள் எவ்வளவு பெரியவை? காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். பத்து மில்லி செகண்ட் என்பது ஸ்பீக்கரை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்த தாமதம். தரையில் வைத்த மானிட்டரைக் கேட்டு வாசிக்கும் கீபோர்டு கலைஞருக்கு 10 வரை பெரிதாகத் தொந்தரவு தெரியாது. எலக்ட்ரானிக் டிரம் பேடு அடிப்பவருக்குக் கொஞ்சம் முன்பே தெரியும். காதில் இயர்போன் மாட்டிப் பாடுபவர்தான் மிகவும் கஷ்டப்படுவார். அவர் குரல் எலும்பு வழியே உடனே உள்காதுக்குப் போகிறது, இயர்போன் வழியே தாமதமாக வருகிறது. இரண்டும் கலந்து குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். ஐந்தாறு மில்லி செகண்டிலேயே சிலர் "என் குரல் எனக்கே ஒரு மாதிரியா கேக்குது" என்பார்கள். அது அவர்களுடைய கற்பனை இல்லை, நம்பிச் செட்டிங்கைப் பாருங்கள்.

கீபோர்டில் வாசிக்கும் மெய்நிகர் வாத்தியங்களுக்கு உள்ளே வரும் ஆடியோ கட்டு கிடையாது. கீயை அழுத்திய செய்தி மட்டும் வருகிறது, வெளியே போகும் கட்டு மட்டும்தான் கணக்கு. அதனால் அதே பஃபரில் பாடகரை விடக் கீபோர்டுகாரருக்குத் தாமதம் குறைவு. இருவருக்கும் ஒரே லேப்டாப் என்றால் பாடகரை வைத்தே பஃபரை முடிவு செய்ய வேண்டும்.

செட்டிங்கை எந்த வரிசையில் தொடுவது

முதலில் டிரைவர். விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதை, யூடியூப், அறிவிப்பு மணி என்று எல்லாச் சத்தத்தையும் கலந்து அனுப்பும். அதற்கே கூடுதல் தாமதம் ஆகும். அதைத் தாண்டி நேராக இன்டர்ஃபேஸிடம் பேச ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த வழிமுறைதான் ஆசியோ. இன்டர்ஃபேஸைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த ஆசியோ டிரைவரை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி நிறுவி, ஹோஸ்டின் ஆடியோ செட்டிங்கில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆசியோ4ஆல் என்பது சொந்த டிரைவர் இல்லாத கருவிகளுக்கான மாற்று. சொந்த டிரைவர் இருக்கும்போது அதைப் போடக் காரணமே இல்லை. மேக்கில் கோர் ஆடியோ ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இதே நேரத்தில் விண்டோஸின் பொதுச் சத்தத்தை லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கருக்கு மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப் மணி சர்ச் முழுவதும் ஒலிக்காமல் இருக்கும்.

அடுத்து சாம்பிள் ரேட். டிஜிட்டல் மிக்ஸரோடு இணைக்கிறீர்கள் என்றால் மிக்ஸரில் இருப்பதே லேப்டாப்பிலும் இருக்க வேண்டும். 44,100-ல் பதிந்த டிராக்கை மாற்றாமல் 48,000-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறி, வேகமும் கூடிவிடும். டிஜிட்டல் கேபிளில் இரண்டு கருவிகளை இணைக்கும்போது ஒன்று மட்டும் கடிகாரத் தலைவனாக இருக்க வேண்டும், மற்றது அதைப் பின்பற்ற வேண்டும். இரண்டும் தத்தம் கடிகாரத்தில் ஓடினால் சில விநாடிக்கு ஒரு 'டிக்' வரும். பஃபரை எவ்வளவு கூட்டினாலும் அது போகாது. 96,000 வைத்தால் அதே பஃபர் எண்ணில் தாமதம் பாதியாகும் என்பது உண்மை. கெடுவும் பாதியாகும், வேலையின் அளவு குறையாது. மேடைக்கு 48,000 போதும்.

பிறகுதான் பஃபர். 256-ல் தொடங்குங்கள். எல்லா பிளக்இன்களையும் ஏற்றி, எல்லா மைக்கிலும் சத்தம் ஓடும்போது ஹோஸ்டின் மீட்டரைப் பாருங்கள். இடமிருந்தால் 128. பாடகர் இயர்போன் போடாத குழுவாக இருந்தால் 256-லேயே நிற்பது மேல். 64-க்கும் 128-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கப் போவதில்லை. வெடிப்பை எல்லோரும் கேட்பார்கள்.

கடைசியில் மின்சார செட்டிங். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஹை பெர்ஃபார்மன்ஸ் வையுங்கள். பேலன்ஸ்டு மட்டும்தான் தெரிகிறது என்றால் செட்டிங்ஸில் பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றலாம். யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் இன்டர்ஃபேஸையே தூங்க வைக்கப் பார்க்கும். அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்து, ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் ஓட்டினால் பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்டர்ஃபேஸை யுஎஸ்பி ஹப் வழியாக இல்லாமல் நேரடியாக லேப்டாப்பில் குத்துங்கள்.

இதுவரை: டிரைவர், சாம்பிள் ரேட், பஃபர், மின்சாரம் என்ற வரிசை. முதல் இரண்டும் சரியில்லாமல் பஃபரைத் திருகிக்கொண்டிருப்பது வீண் வேலை.

பஃபருக்கு அப்பால் ஒளிந்திருக்கும் தாமதம்

பஃபர் 128, ஆனாலும் பாடகர் தாமதம் என்கிறார். அப்போது பிளக்இன்களைச் சந்தேகிக்க வேண்டும். சில பிளக்இன்கள் வேலை செய்வதற்கே வரப்போகும் ஒலியை முன்கூட்டிப் பார்த்தாக வேண்டும். முன்பார்வை உள்ள லிமிட்டர் (சத்தம் ஒரு அளவைத் தாண்டாமல் தடுப்பது) அப்படி. லீனியர் ஃபேஸ் வகை ஈக்வலைசர் தனியாகவே பல பத்து மில்லி செகண்ட் பிடிக்கும். ஸ்டுடியோ மிக்ஸிங்குக்கு அது அருமையான கருவி, மேடைக்கு ஆகாது. சுருதி திருத்தும் பிளக்இன்களில் லைவ் என்றோ லோ லேட்டன்சி என்றோ ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்த வேண்டும். ஒவ்வொரு பிளக்இனும் எத்தனை சாம்பிள் பிடிக்கிறது என்று பல ஹோஸ்ட்கள் காட்டும். மேடையில் அந்த எண் பூஜ்யமாக அல்லது அதற்கு அருகில் இருப்பவற்றை மட்டும் வையுங்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தாமத ஈடு என்ற வசதி, எல்லாப் பாதைகளும் ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பதற்காக மெதுவானதற்கு ஏற்ப மற்ற எல்லாவற்றையும் தாமதப்படுத்தும். கோரஸ் மைக்கில் ஒரே ஒரு கனமான பிளக்இன் போட்டால் முதன்மைப் பாடகரின் குரலும் சேர்ந்து தாமதமாகும். ஈட்டை அணைப்பதை விட அந்த பிளக்இனை எடுத்துவிடுவது நல்லது. அணைத்தால் ஒரே குரல் இரண்டு பாதைகளில் வரும் இடங்களில் ஒன்றை ஒன்று வெட்டும்.

குரலை மிக்ஸரிலேயே விட்டுவிடுவது

சின்னக் குழுக்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. பாடகரின் மூலக்குரலை லேப்டாப் வழியாக அனுப்பவே வேண்டாம். அது மைக்கிலிருந்து மிக்ஸருக்கு, மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கருக்கு நேராகப் போகட்டும். மிக்ஸரின் ஆக்ஸ் செண்ட் வழியாக ஒரு பிரதியை மட்டும் லேப்டாப்புக்கு அனுப்பி, அங்கே ரிவெர்ப் போட்டு, அந்த ரிவெர்பை மட்டும் தனி சேனலில் திரும்ப எடுங்கள். இப்போது பஃபர் 512 வைத்தாலும் குரல் தாமதமாகாது. ரிவெர்ப் இருபது மில்லி செகண்ட் பின்னால் வந்தால் அது ரிவெர்பின் இயல்பான முன்னிடைவெளி போலத்தான் கேட்கும். சொற்கள் கூடத் தெளிவாகும்.

இதில் கட்டாயமான ஒரு செட்டிங் உண்டு: ரிவெர்ப் பிளக்இனில் மிக்ஸ் 100 சதவீதம் வெட் (ரிவெர்ப் ஒலி), டிரை (மூலக்குரல்) பூஜ்யம். டிரை கொஞ்சம் மிச்சமிருந்தாலும் தாமதமான குரலும் நேரான குரலும் சேர்ந்துவிடும். ஐந்து மில்லி செகண்ட் இடைவெளி என்றால் 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்கள் அடிபட்டு, குரல் தகர டப்பாவில் பாடியது போலாகும். திரும்பி வரும் சேனலில் அதே ஆக்ஸ் மூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் ரிவெர்ப் தன்னையே சுற்றிச் சுற்றி ஊளையிடும்.

விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்கு இது இன்னும் பொருத்தம். அதிகாலை மூன்று மணிக்கு லேப்டாப் நின்றுபோனாலும் ரிவெர்ப் மட்டும்தான் போகும். கட்டியங்காரனின் குரலும் முகவீணையும் ஆர்மோனியமும் ஒரு நொடிகூட நிற்காது.

எந்த பிளக்இனாலும் தீராதவை

மைக் ஊளையிடுவது ஸ்பீக்கரின் இடமும் மைக்கின் இடமும் சம்பந்தப்பட்ட விஷயம். கம்ப்ரஸர் போட்டு மெதுவான சத்தங்களைத் தூக்கிவிட்டால் ஊளை கூடத்தான் செய்யும். இன்புட்டிலேயே சிவப்பு விளக்கு எரிந்து வெட்டுப்பட்ட ஒலியை உள்ளே எதுவும் முழுதாகச் சரிசெய்யாது; சத்தமாகப் பாடும் இடத்தில் உச்சம் கழித்தல் 12 டெசிபல் அளவில் நிற்கும்படி கெயினை (உள்ளே வரும் சத்தத்தின் அளவை) வையுங்கள்.

ஜெனரேட்டரில் ஓடும்போதோ மண்டபத்தின் பழைய வயரிங்கிலோ சார்ஜர் செருகியவுடன் ஹம் வந்தால் அது எர்த் வழியாகச் சுற்றும் மின்னோட்டம். லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (ஒலியை மட்டும் கடத்தும் சின்னப் பெட்டி) வையுங்கள், இரண்டையும் ஒரே பவர் பாக்ஸிலிருந்து எடுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கும் வழக்கம் இன்னும் சில மேடைகளில் இருக்கிறது. அது பாடகரின் உயிரோடு விளையாடுவது. எக்காரணத்துக்கும் செய்யக் கூடாது.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா வைகாசி முதல் நாளில், மே மாத நடுவில் வருகிறது. இந்தப் பக்கத்தில் அப்போது 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ப்ராசசர் 95, 100 டிகிரியை நெருங்கினால் எரிந்துவிடாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏசி அறையில் 45 சதவீதம் காட்டிய மீட்டர் பந்தலில் 80-க்குப் போவது இப்படித்தான். லேப்டாப்பை மேசை விரிப்பின் மேல் வைத்தால் அடியில் காற்று போகாது. நாலு மூலையிலும் உயர்த்தி வைத்து, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வையுங்கள். ஒத்திகையையும் ஃபேன் இல்லாத அறையில் அரை மணி நேரமாவது முழு அமைப்போடு ஓட்டிப் பாருங்கள்.

நடுப்பாட்டில் வெடித்தால்

பஃபரைத் தொடாதீர்கள். அதை மாற்றினால் ஹோஸ்ட் ஒலி எஞ்சினை நிறுத்தி மறுபடி தொடங்கும், மேடை முழுவதும் அமைதியாகிவிடும். புது பிளக்இன் ஏற்றுவதும் அப்படித்தான், ஏறும் நேரத்தில் கெடு தவறும். பாட்டுக்குப் பாட்டு வேண்டிய ஒலிகளையெல்லாம் கச்சேரிக்கு முன்பே ஏற்றி வைத்து, நடுவில் ஆன், ஆஃப் மட்டும் செய்வதுதான் முறை.

வெடிக்கும்போது மிக அதிகச் சுமை தரும் பிளக்இனை முதலில் அணையுங்கள். இதற்கு பைபாஸ் போதாது. பைபாஸ் போட்டாலும் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் பிளக்இன்கள் உண்டு. ஹோஸ்டில் டிஸேபிள் அல்லது சஸ்பெண்ட் என்று இருப்பதுதான் சுமையை உண்மையில் இறக்கும். எந்த பிளக்இனை முதலில் அணைப்பது, அடுத்து எது என்று ஒத்திகையிலேயே பார்த்து, மிக்ஸர் மேல் ஒரு டேப் ஒட்டி எழுதி வையுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் லேப்டாப் திரும்பும் சேனலை மிக்ஸரில் மெதுவாக இறக்கிவிட்டு, பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது பஃபரை 256-க்கோ 512-க்கோ ஏற்றிக்கொண்டு திரும்பத் திறக்கலாம்.